டி-ஷர்ட் பிரிண்டிங் தொழிலுக்குப் பருத்தித் துணி பார்த்து வாங்குவது எப்படி?

டி-ஷர்ட்டில் படம் அச்சிட்டு விற்கலாம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை ஜிஎஸ்எம் வாங்கலாம்?" என்பதுதான். ஜிஎஸ்எம் என்பது துணியின் எடை அளவு. இந்தக் கேள்வி நான்காவதாகவோ ஐந்தாவதாகவோதான் வர வேண்டும். அதற்கு முன்னால் எந்த முறையில் அச்சிடப் போகிறீர்கள் என்பது முடிவாகியிருக்க வேண்டும். ஒரே துணியில் ஒரு மை பளிச்சென்று பிடிக்கும், இன்னொரு மை நாலு துவைப்பில் வெளிறிவிடும். மை எது என்று தெரியாமல் துணியை மட்டும் தடவிப் பார்த்து வாங்குவது பாதி வேலைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் பெரும்பாலானவர்கள் தைத்து வந்த பிளெயின் டி-ஷர்ட்டைத்தான் வாங்குவார்கள். சிலர் துணியாக வாங்கி வெட்டித் தைக்கக் கொடுப்பார்கள். கீழே வருவதில் பெரும்பகுதி இரண்டு பேருக்கும் பொருந்தும்.

அச்சு முறையை முதலில் முடிவு செய்யுங்கள்

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் பிளாஸ்டிசால் மை என்றால் துணி விஷயத்தில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். அந்த மை இழைக்குள் இறங்காது. துணியின் மேல் ஒரு படலமாக உட்கார்ந்து, ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் இறுகிவிடும். முழுப் பருத்தியாக இருந்தாலும் பாலியெஸ்டர் கலப்பாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். கலப்புத் துணியில் வேறொரு தொல்லை உண்டு. பாலியெஸ்டரில் ஏற்றிய சாயம் சூடு பட்டதும் ஆவியாகி மேலே இருக்கும் மைக்குள் ஏறிவிடும். சிவப்பு டி-ஷர்ட்டில் அடித்த வெள்ளை எழுத்து ஓரிரு நாளில் ரோஜா நிறமாகிறது என்றால் காரணம் இதுதான். முழுப் பருத்தியில் இந்தச் சிக்கல் வருவதில்லை.

நீர் மையும் டிஸ்சார்ஜ் மையும் அப்படியல்ல. நீர் மை இழைக்குள் இறங்குவதால் தொட்டால் அச்சு இருப்பதே தெரியாத அளவுக்கு மென்மையாக இருக்கும். துணி நன்றாக ஈரம் உறிஞ்ச வேண்டும், அவ்வளவுதான். டிஸ்சார்ஜ் மை துணியில் இருக்கும் சாயத்தை அழித்து அந்த இடத்தில் தன் நிறத்தை வைக்கிறது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில்தான் அது வேலை செய்யும். அதிலும் எல்லா நிறமும் அழியாது. ராயல் நீலம், டர்காய்ஸ் மாதிரியான நிறங்கள் பிடிவாதக்காரர்கள். கலப்புத் துணியில் அடித்தால் பருத்தி இழை மட்டும் வெளுத்து, பாலியெஸ்டர் இழை அப்படியே நிற்கும். அச்சு அழுக்காகத் தெரியும்.

டிடிஜி, அதாவது துணியின் மேல் நேரடியாக மை தெளிக்கும் மெஷின், துணியைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் கறாரானது. நீர் சார்ந்த பிக்மென்ட் மை. அதனால் முழுப் பருத்தி அல்லது பருத்தி அதிகமுள்ள துணி வேண்டும். மேல்பரப்பு வழவழப்பாக, பின்னல் நெருக்கமாக இருக்க வேண்டும். மயிர் போல நீட்டிக்கொண்டிருக்கும் இழை இருந்தால் மைத்துளி அதன் மேல் விழுந்து படம் மங்கும். அடர்நிறத் துணிக்கு வெள்ளை மை பிடிக்க முன்பூச்சு போட்டாக வேண்டும். அந்தப் பூச்சை ஒரு நிறுவனத்தின் துணி ஏற்கும், இன்னொன்று ஏற்காமல் திட்டுத் திட்டாகக் கறை காட்டும்.

டிடிஎஃப் என்பது படத்தைப் பிலிமில் அச்சிட்டு, பசைப் பொடி தூவி, சூட்டோடு அழுத்தும் ஹீட் பிரஸ்ஸில் துணியின் மேல் ஒட்டுவது. புதியவர்கள் பலர் இதில்தான் தொடங்குகிறார்கள். அதில் தப்பில்லை, துணி வேறுபாட்டை இது நன்றாகவே சகித்துக்கொள்கிறது. ஆனால் பெரிய படம் என்றால் மார்பில் ஒரு பிளாஸ்டிக் தகடு மாதிரி நிற்கும். துணி மெல்லியதாக இருந்தால் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். டிடிஎஃப்-க்கு 180 ஜிஎஸ்எம்-முக்குக் குறையாத துணி நல்லது என்பது என் கருத்து.

சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கித் துணியில் ஏற்றும் சப்ளிமேஷன் பற்றி ஒரே வரி: அது பாலியெஸ்டருக்கு. பருத்தியில் அடித்தால் முதல் துவைப்பிலேயே கரைந்து போகும்.

நூலைப் பாருங்கள்

துணியின் தரம் பின்னுவதற்கு முன்பே, நூலில் முடிவாகிவிடுகிறது. இங்கே மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும்.

முதலாவது, கோம்டு நூலா, கார்டெட் நூலா. கார்டெட் என்றால் பஞ்சைச் சிக்கெடுத்து நேராக்கி நூற்றது. கோம்டு என்றால் அதற்கு மேல் ஒரு முறை சீவி, குட்டை இழைகளை நீக்கியது. சீவும்போது எடையில் சுமார் 15 முதல் 20 சதவீதம் வரை கழிந்துபோகும். விலை கூடுவதற்கு முக்கியக் காரணம் அதுதான். குட்டை இழைதான் துணியின் மேல் முனை நீட்டி, பிறகு உருண்டு முடிச்சாகிறது. அச்சுத் தொழிலுக்கு இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. துவைக்கத் துவைக்க இழைகள் மையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். வாடிக்கையாளர் "கலர் போய்விட்டது" என்பார். உண்மையில் மை அங்கேயேதான் இருக்கும். அதன் மேல் ஒரு மெல்லிய ரோமப் படலம் படிந்து நிறத்தை மங்கலாக்கியிருக்கும். கருப்புத் துணியில் பெரிய நிறப்பரப்பு அடித்த இடங்களில் இது அப்பட்டமாகத் தெரியும். மையை மாற்றி, சூட்டை மாற்றி, மெஷினைத் திட்டி என்ன செய்தாலும் தீராது. நூலை மாற்றினால்தான் தீரும்.

இரண்டாவது, ரிங் ஸ்பன்னா, ஓப்பன் எண்டா. ரிங் முறையில் இழைகள் ஒழுங்காக முறுக்கேறி மென்மையான, வலுவான நூலாகின்றன. ஓப்பன் எண்ட் வேகமாகவும் மலிவாகவும் நூற்பது. நூல் சற்றே சொரசொரப்பாக இருக்கும். ஒரு நாள் நிகழ்ச்சிக்கு, தேர்தல் பிரசாரத்துக்கு, இலவசமாகக் கொடுப்பதற்கு என்றால் ஓப்பன் எண்ட் போதும். உங்கள் பெயர் போட்டு விற்கும் டி-ஷர்ட்டுக்குக் கோம்டு ரிங் ஸ்பன் எடுங்கள்.

மூன்றாவது, கவுண்ட். 20, 24, 30, 40 என்று சொல்வார்கள். எண் கூடக் கூட நூல் மெல்லியது. ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கஜம் கொண்ட கண்டுகள் எத்தனை இருக்கின்றன என்பதுதான் கணக்கு. 20-ஆம் கவுண்ட் நூல் ஒரு பவுண்டில் 16,800 கஜம் வரும். 30-ஆம் கவுண்ட் 25,200 கஜம் வரும். மெல்லிய நூலில் பரப்பு வழுவழுப்பாக வரும், நுணுக்கமான கோடுகள் நன்றாக விழும். டி-ஷர்ட் துணியில் பொதுவாக 30-ஆம் கவுண்ட் சிங்கிள் ஜெர்சி (டி-ஷர்ட்டுக்கான வழக்கமான பின்னல்) 140 முதல் 160 ஜிஎஸ்எம் அளவிலும், 24-ஆம் கவுண்ட் 180-ஐ ஒட்டியும், 20-ஆம் கவுண்ட் 200-க்கு மேலும் வரும். இந்தப் பொருத்தம் நினைவில் இருந்தால் ஒரு நன்மை உண்டு. 30-ஆம் கவுண்ட் ஒற்றை நூலில் 220 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி என்று ஒருவர் சொன்னால், எங்கோ கணக்கு இடிக்கிறது என்று உடனே தெரியும்.

பின்னல்

டி-ஷர்ட்டுக்குச் சிங்கிள் ஜெர்சி. ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் வளைய வளையமாகவும் இருக்கும். வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும். இன்டர்லாக் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கனமாக இருக்கும். ரிப் கழுத்துக்கும் கைமுனைக்கும். பிகே என்பது காலர் வைத்த டி-ஷர்ட்டுக்கானது; அதன் குழிக்குழிப் பரப்பில் மெல்லிய கோடுகள் உடைந்து போகும் என்பதால் சின்ன லோகோவை எம்பிராய்டரி செய்வதுதான் உத்தமம்.

ஜிஎஸ்எம்: கேட்காதீர்கள், எடை போடுங்கள்

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. 140 முதல் 160 வரை மெல்லியது. 170 முதல் 190 வரை நடுத்தரம். ஆண்டு முழுக்க விற்பனையாகும் ரகம். 220-க்கு மேல் போனால் அகலமான தோள் வைத்த ஓவர்சைஸ் டி-ஷர்ட்டுக்கு ஏற்றது. சில நேரம் அது உட்புறம் நூல் வளையங்கள் நிற்கும் டெரி துணியாகவும் இருக்கும். சில நிறுவனங்கள் அவுன்ஸ் கணக்கில் எழுதும். ஒரு சதுர கஜத்துக்கு ஓர் அவுன்ஸ் என்பது சுமார் 34 ஜிஎஸ்எம். ஆகவே 5.3 அவுன்ஸ் என்று போட்டிருந்தால் 180 என்று எடுத்துக்கொள்ளலாம்.

கனமான துணி என்றால் தரமான துணி என்று நினைக்காதீர்கள். 220 ஜிஎஸ்எம் கார்டெட் ஓப்பன் எண்ட் துணியைவிட 160 ஜிஎஸ்எம் கோம்டு துணி பல மடங்கு நன்றாக அச்சாகும். எடை சொல்வது எடையை மட்டும்தான்.

அளப்பது எளிது. 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டும் ஜிஎஸ்எம் கட்டர் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் பரவாயில்லை. துணியை இழுக்காமல் சமமாக விரித்து, 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, 0.01 கிராம் வரை காட்டும் தராசில் வையுங்கள். வந்த எடையை 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். 1.78 கிராம் என்றால் 178. ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என மூன்று துண்டு எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது. பருத்தி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் மழை நாளில் எடை சற்றுக் கூடவே காட்டும். சொன்ன அளவிலிருந்து 5 சதவீதம் கூடுவதும் குறைவதும் வணிகத்தில் ஏற்றுக்கொள்ளப்படுவதுதான். 180 என்று சொல்லி 160 வந்தால் அது அந்தக் கணக்கில் சேராது.

துணியாகக் கிலோவில் வாங்குபவர்களுக்கு இது நேரடியாகக் காசு. ஒரு கிலோ துணி 160 ஜிஎஸ்எம்-மில் 6.25 சதுர மீட்டர் வரும்; 200-இல் 5 சதுர மீட்டர்தான்.

ஃபினிஷிங்: கண்ணுக்குத் தெரியாத இடம்

நூலும் எடையும் சரி. அதே துணி இரண்டு சாயப்பட்டறைக்குப் போய் வந்தால் இரண்டு துணியாகத் திரும்பும். அதனால் சில கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள்.

பயோ வாஷ் செய்ததா? செல்லுலேஸ் என்ற நொதியால் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிழைகளை அரித்து எடுப்பதுதான் பயோ வாஷ். பரப்பு சுத்தமாகும், முடிச்சு விழுவது குறையும், அச்சு கூர்மையாக வரும். டிடிஜி செய்பவர்களுக்கு இது ஆடம்பரம் அல்ல, அவசியம். ஆனால் மட்டமான கார்டெட் துணிக்கும் பயோ வாஷ் கொடுத்து, கடையில் தொட்டுப் பார்க்கும்போது மட்டும் மென்மையாக இருக்கும்படி செய்ய முடியும். ஆகவே நூல் பற்றிய கேள்விக்கு இது பதிலாகாது.

சிலிக்கான் சாஃப்ட்னர் எவ்வளவு? பட்டுப் போல வழுக்கும் துணியைப் பார்த்து உடனே மயங்கிவிடாதீர்கள். அந்த வழுக்கல் பல நேரம் சிலிக்கான் பூச்சு. நீர் மையையும் டிடிஜி முன்பூச்சையும் அது உள்ளே விடாது, டிடிஎஃப் பசையின் பிடிப்பையும் குறைக்கும். கண்டுபிடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். துணியின் மேல் விட்டால் சில வினாடிகளில் உறிஞ்ச வேண்டும். முத்து மாதிரி மேலேயே நின்றால் அந்தத் துணி அச்சுக்குத் தயாராக இல்லை.

காம்பாக்டிங் செய்ததா? சுருக்கம் வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது. பின்னல் துணி சாயம் ஏறி, காய்ந்து வெளியே வரும்வரை நீளவாக்கில் இழுபட்டுக்கொண்டே இருக்கும். முதல் முறை தண்ணீரில் நனையும்போது பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அதைத்தான் நாம் சுருக்கம் என்கிறோம். காம்பாக்டிங் மெஷின் அந்த இழுப்பை முன்கூட்டியே தளர்த்தி அனுப்புகிறது. அப்படிச் செய்யாத பருத்தித் துணி 8 சதவீதம் வரைகூடச் சுருங்கலாம். 70 சென்டிமீட்டர் நீள டி-ஷர்ட் 8 சதவீதம் சுருங்கினால் ஐந்தரை சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். எல் அளவு வாங்கியவர் எம் அளவு போட்டுக்கொண்டு நிற்பார். துணி சுருங்கும்போது மேலே இருக்கும் மை சுருங்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படத்தைச் சுற்றித் துணி கசங்கி நிற்பது அதனால்தான். 5 சதவீதத்துக்குள் இருந்தால் வாங்கலாம், 3 சதவீதத்துக்குள் இருந்தால் விடாதீர்கள்.

சோதிப்பதற்கு டி-ஷர்ட்டின் மேல் அழியாத மார்க்கரால் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் 40 சென்டிமீட்டர் அளந்து புள்ளி வையுங்கள். வாடிக்கையாளர் வீட்டில் எப்படித் துவைப்பாரோ அப்படித் துவைத்து, காய்ந்த பிறகு அளந்து பாருங்கள். அப்போதே பக்கவாட்டுத் தையலையும் கவனியுங்கள். இடுப்புக்கு நேராக இறங்க வேண்டிய தையல் வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தால் அது நூல் முறுக்கினால் வரும் திருகல். லேசாக இருந்தால் மன்னிக்கலாம். படமே சாய்ந்து தெரியும் அளவுக்கு என்றால் அந்த லாட் வேண்டாம்.

நிறம், சாயம், மெலாஞ்ச்

தொடக்கத்தில் கருப்பும் வெள்ளையும், விற்பனை பார்த்து ஒன்றிரண்டு நிறங்களும் போதும். பதினைந்து நிறம், ஆறு அளவு என்று இறங்கினால் தொண்ணூறு வகைச் சரக்கு அலமாரியில் கிடக்கும்.

வெள்ளைத் துணியின் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். விரல் நிறம் தெளிவாகத் தெரிந்தால் அணிபவருக்குச் சங்கடம். ஹீட் பிரஸ்ஸில் வெள்ளையும் வெளிர் நிறங்களும் சூடு கூடினால் மஞ்சளாகும் என்பதால் உங்கள் மெஷினின் சூட்டில் ஒரு துண்டை வைத்துப் பார்த்துவிடுங்கள். சில சாயங்கள் சூட்டில் நிறம் மாறி, ஆறியதும் பழையபடி ஆகிவிடும். பதற வேண்டாம், பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள்.

கருப்பு, நேவி, அடர் சிவப்பு மூன்றிலும் சாயம் ஒட்டுவதுதான் தொல்லை. வெள்ளைத் துணியை ஒரு முறை உலர்ந்தபடியும் ஒரு முறை நனைத்தும் வைத்து அழுத்தித் தேயுங்கள். ஈரத்தில் கொஞ்சம் ஒட்டுவது அடர்நிறத்தில் சகஜம். உலர்ந்த துணியிலேயே ஒட்டினால் திருப்பி அனுப்புங்கள்.

சாம்பல் மெலாஞ்ச், அதாவது புள்ளி புள்ளியாகக் கலந்து தெரியும் சாம்பல் நிறம் பற்றிக் கவனம் தேவை. விற்பனைப் பட்டியலின் தலைப்பில் "100 சதவீதம் பருத்தி" என்று இருக்கும். அடியில் சின்ன எழுத்தில், மெலாஞ்ச் நிறங்களில் விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து எடுக்கும் இழை) அல்லது பாலியெஸ்டர் கலப்பு உண்டு என்று இருக்கும். ஏமாற்று வேலை இல்லை. அந்தப் புள்ளிப் புள்ளித் தோற்றம் வருவதற்குப் பெரும்பாலும் அப்படித்தான் நூற்கிறார்கள். ஆனால் டிஸ்சார்ஜ் செய்பவரும் டிடிஜி செய்பவரும் அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

பருத்திதானா என்று பார்க்க

ஓரத்திலிருந்து நாலு நூலைப் பிரித்து, இடுக்கியில் பிடித்து, பாதுகாப்பான இடத்தில் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரியும், காகித வாசம் வரும், மெத்தென்ற சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகிச் சுருங்கி, கருகிய கெட்டி உருண்டையாக நிற்கும். கலப்பு என்றால் எரியவும் எரியும், முனையில் கெட்டியும் தட்டுப்படும். விஸ்கோஸும் பருத்தியைப் போலவே எரியும் என்பதால் இந்தச் சோதனை பாலியெஸ்டரை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

சான்றிதழ் பற்றியும் கேட்பார்கள். ஓய்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்பது துணியில் தீங்கான ரசாயனங்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்ற சோதனை. இயற்கை வேளாண் பருத்தி என்பதற்கான சான்று அல்ல. அதற்கு ஜிஓடிஎஸ் என்ற தனிச் சான்றிதழ் இருக்கிறது. சான்றிதழ் காட்டினால் அதில் இருக்கும் எண்ணை அந்தந்த அமைப்பின் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். உங்கள் லேபிளில் "ஆர்கானிக்" என்று போட நினைத்தால், போடுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

தைத்து வந்த டி-ஷர்ட்டில் பார்க்க வேண்டியவை

கழுத்து ரிப்பைத் தலை நுழையும் அளவுக்கு இழுத்து விடுங்கள். உடனே திரும்ப வேண்டும். நூலோடு கொஞ்சம் லைக்ரா கலந்த ரிப் நன்றாகத் தாங்கும். உள்ளே தோளிலிருந்து தோளுக்குப் பட்டி வைத்துத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். தையலை இரண்டு பக்கமும் இழுத்தால் ஊசி ஓட்டை தெரிகிறதா? தெரிந்தால் பின்னலுக்கு உரிய உருண்டை முனை ஊசி போடவில்லை அல்லது ஊசி மழுங்கிவிட்டது. அந்த ஓட்டை துவைக்கும்போது பெரிதாகும். ஒரே அளவில் மூன்று டி-ஷர்ட்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து நீளமும் மார்பகலமும் ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அச்சிட்டு, துவைத்து, பிறகு ஆர்டர்

இரண்டு மூன்று பேரிடம் சாம்பிள் வாங்கி, எல்லாவற்றிலும் ஒரே படத்தை அடியுங்கள். அதில் ஒரு பெரிய நிறக்கட்டம், மெல்லிய கோடுகள், சின்ன எழுத்து, முடிந்தால் ஒரு முகம் இருக்கட்டும். அச்சிடும் முன் ஹீட் பிரஸ்ஸில் ஐந்து முதல் பத்து வினாடி வெறுமனே அழுத்தி எடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் போகும், நுண்ணிழை படியும். அச்சிட்ட பிறகு ஒரு நாள் விட்டுவிட்டுத் துவையுங்கள். "உட்புறம் திருப்பித் துவைக்கவும்" என்று நீங்கள் லேபிளில் எழுதுவீர்கள்; வாங்கியவர் அதைப் படிக்க மாட்டார். ஆகவே சோதனையில் திருப்பாமல், ஜீன்ஸோடு சேர்த்தே மெஷினில் போடுங்கள். ஐந்து துவைப்பு முடிந்ததும், துவைக்காத இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரோமம் எழும்பியிருக்கிறதா, மை வெடித்திருக்கிறதா, அளவு மாறியிருக்கிறதா என்பது விற்பவர் சொன்ன எல்லாவற்றையும்விடத் தெளிவாகத் தெரியும். மை வெடிப்புக்கு மட்டும் துணியைப் பழி சொல்லாதீர்கள். அது பெரும்பாலும் சூடு போதாமல் வருவது.

ஆர்டரை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். கோம்டு ரிங் ஸ்பன், கவுண்ட், ஜிஎஸ்எம், கலப்பு சதவீதம், பயோ வாஷ், அதிகபட்சச் சுருக்கம், அச்சு முறை என எல்லாம் அதில் இருக்கட்டும். "அச்சிடுவதற்கு, சிலிக்கான் வேண்டாம்" என்ற வரியைத் தனியாகச் சேருங்கள். ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர் முழுவதும் ஒரே சாய லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றியதில் வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இரண்டு லாட்டின் கருப்பு இரண்டு கருப்பாக இருக்கும், குழுப் புகைப்படத்தில் அது பளிச்சென்று தெரிந்துவிடும்.

தேர்வான சாம்பிளிலிருந்து உள்ளங்கை அளவு ஒரு துண்டு வெட்டி, லாட் எண்ணும் எடையும் எழுதி ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை அதே ஆளிடமிருந்து சரக்கு வந்து இறங்கும்போது, அந்தத் துண்டோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு, எடை போட்டு, தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் ரசீதில் கையெழுத்துப் போடுங்கள்.